மாராத்தாள் சொன்னால் சரி

கரூரில் போர்வைக்காரர் வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் ஆட்டோக்காரர்கள் தெருப்பெயர் கேட்க மாட்டார்கள், இன்றைக்கு அங்கே என்ன வேஷம் என்று மட்டும் கேட்பார்கள், ஏனென்றால் வருஷத்தில் ஆறேழு தடவையாவது அந்த மூன்று மாடி வீடு தான் ஒரு வீடு என்பதையே மறந்து வேறு ஏதாவதாக மாறிவிடும். ஒரு சித்திரையில் அது கடலாக இருந்தது, ஒரு ஆடியில் பனிமலையாக இருந்தது, ஒரு தீபாவளிக்கு மறுவாரம் ராஜா அரண்மனையாக இருந்தது. வெளிநாட்டுக்குப் போர்வையும் படுக்கை விரிப்பும் ஏற்றுமதி செய்கிற குழந்தைசாமி, அவர் சம்சாரம் தனபாக்கியம், மகன் மோகனகுமார், மருமகள் ஷர்மிளா, ஆறு வயதுப் பேத்தி ஆதினி என்று ஐந்தே பேர் உள்ள குடும்பம். ஆனால் பிறந்தநாள் என்றாலும் கல்யாண நாள் என்றாலும், வாங்கின காருக்கு ஒரு வயது முடிந்தது என்றாலும்கூட, அதற்கென்று ஒரு தீம் வைத்து, தீமுக்கேற்ற துணி உடுத்தி, தீமின் நிறத்தில் பலகாரம் செய்து, ஐந்நூறு பேரைக் கூப்பிட்டுக் கொண்டாடாவிட்டால் அந்த நாள் வந்து போனதாகவே அவர்களுக்குத் தோன்றாது.

அந்த வீட்டில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்த்தவள் மாராத்தாள். சாயப்பட்டறையில் வேலை செய்த புருஷன் நெஞ்சு கெட்டு இறந்துபோன வருஷம், நாலு வயது மகள் சுகுணாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு இந்த வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்தவள், மகள் பெரியவளாகி, பள்ளிபாளையத்துத் தறிக்காரப் பையனுக்குக் கழுத்தை நீட்டிப் போனபிறகும் அதே சமையலறையில்தான் நின்றுகொண்டிருந்தாள். ஒவ்வொரு தீமிலும் அவளுக்கும் ஒரு வேஷம் உண்டு. கடல் வந்தபோது எட்டுக் கை உள்ள ஒரு பிராணியின் தொப்பியை அவள் தலையில் மாட்டிவிட்டார்கள், பஜ்ஜி போடக் குனியும்போதெல்லாம் அதில் இரண்டு கை மாவில் விழுந்தது. பனிமலை வந்தபோது மில்லிலிருந்து மூட்டை மூட்டையாகப் பஞ்சு கொண்டுவந்து வீடெங்கும் தூவினார்கள், அதை ஒன்பது நாள் பெருக்கினாள், ஒரு மாசம் இருமினாள். அரண்மனையில் அவள் சேடி. விருந்து நடக்கிற பக்கம் எட்டிப் பார்க்க நேரம் இருந்ததில்லை என்பதால், ஒவ்வொரு தீமும் அவளுக்கு மறுநாள் காலையில் அள்ளிய குப்பையாகத்தான் நினைவில் இருந்தது.

குழந்தைசாமிக்கு எழுபது வயது முடிந்தபோது என்ன தீம் வைப்பது என்று இரண்டு மாசம் யோசித்தார்கள். கடைசியில் ஷர்மிளாதான் கண்டுபிடித்தாள். சேவை. இத்தனை வருஷம் தங்களுக்கு உழைத்தவர்களையும், ஊரைக் கூட்டிச் சுத்தம் செய்கிறவர்களையும், ஆதரவற்ற முதியோரையும் மண்டபத்தில் உட்கார வைத்து, குடும்பமே நின்று பரிமாறுவது. கேட்டதும் தனபாக்கியத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

மாராத்தாள் அந்த வாரம்தான் லீவு கேட்டாள்.

"சின்னம்மா, ஞாயித்துக்கெழம மட்டும் என்னை வுட்ருங்க. எம்மவளுக்கு ஏழாம் மாசம், கட்டுச்சோறு. பெத்தவதான் சோறு கட்டி எடுத்துட்டுப் போயி வளையல் போடோணும்."

ஷர்மிளா அவள் தோளில் அன்பாகக் கை வைத்தாள். வேலைக்காரர்களை அக்கா என்றுதான் அவள் கூப்பிடுவாள்.

"ஐயோ அக்கா, அன்னைக்குத்தான் மாமாவோட விசேஷம். முதல் இலையே உங்களுக்குத்தான் போட்டிருக்கோம். நீங்க இல்லாம நாங்க யாருக்குச் சேவை செய்யறது, சொல்லுங்க?"

"அவளுக்கு என்னைய வுட்டா ஆரும் இல்லீங்களே."

"அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு மாத்தி வெச்சுக்கச் சொல்லுங்கக்கா. வளையல் எங்க போயிடப் போகுது?"

மாத்தி வைக்க முடியாது என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டார்கள். சுகுணா போனில் ஒன்றும் திட்டவில்லை, சரிம்மா என்றாள், வைத்துவிட்டாள்.

புதிதாகத் தைத்த உடுப்பு பொய்யாகத் தெரியும் என்று ஷர்மிளா நினைத்ததால், சமையல் காண்ட்ராக்டரிடம் சொல்லி, அவருடைய ஆட்கள் அன்றாடம் போட்டுக்கொண்டு பரிமாறுகிற அரக்கு நிற மேல்சட்டையும் தொப்பியும் நான்கு செட் வாங்கி வந்தார்கள். காலரில் சாம்பார்க் கறையும் அக்குளில் உப்புப் பூத்த வெள்ளைக் கோடுமாக வந்த அவற்றைத் துவைத்து, இஸ்திரி போட்டு, தன் இலைக்குப் பரிமாறப் போகிறவர்களுக்காக ஹேங்கரில் மாட்டி வைத்தவளும் மாராத்தாள்தான். அந்த உடுப்புக்குச் சொந்தக்காரர்கள் நான்கு பேரும் விசேஷம் முடியும்வரை மண்டபத்தின் பின்னால் பனியனோடு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்குப் பந்தி ஆரம்பித்தது. குழந்தைசாமி சாதம் போட்டார், தனபாக்கியம் சாம்பார் ஊற்றினாள், மோகனகுமார் அப்பளம் வைத்தான், ஷர்மிளா இனிப்பு வைத்தாள். மாராத்தாளுக்குக் கழுத்தில் ஒரு மாலையும் போட்டிருந்தார்கள். ஷர்மிளா குனிந்து லட்டை வைத்தபோது வெளிச்சம் சரியில்லை என்று போட்டோக்காரன் சொன்னான், லட்டை எடுத்து மறுபடி வைத்தாள், இப்போது மாராத்தாள் சிரிக்கவில்லை என்றான், எடுத்து மறுபடி வைத்தாள், மூன்றாவது தடவை லட்டு உடைந்துவிட்டதால் வேறொன்று கொண்டுவந்து வைத்தாள். பள்ளிபாளையத்தில் இந்நேரம் மகளின் கைக்கு யார் வளையல் ஏற்றுகிறார்களோ என்று நினைத்தபடி மாராத்தாள் சிரித்தாள். மாப்பிள்ளையின் ஒன்றுவிட்ட அத்தை ஒருத்தி தாய் ஸ்தானத்தில் நின்று ஏற்றினாள் என்று பிறகு தெரிந்தது.

ஒரு மணிக்குப் பந்தி முடிந்தது. நான்கு பேரும் உள்ளே போய் உடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பட்டு வேட்டியும் பட்டுப் புடவையுமாக வெளியே வந்தார்கள். குழந்தைசாமி போய்க் காரின் பின்சீட்டில் உட்கார்ந்தார். பன்னிரண்டு வருஷமாக அவருக்குக் கார் ஓட்டிய டிரைவர் திரும்பிப் பார்த்து, "யாருப்பா நீ? எறங்கு, ஐயா வர்ற நேரம்" என்றார்.

அதே நேரத்தில் மண்டபத்துக்குள் தனபாக்கியத்தின் சொந்தத் தங்கை அவளிடம் காலி டம்ளரை நீட்டினாள். மோகனகுமாரைத் தோளில் தட்டி, கை கழுவுகிற இடத்தில் தண்ணீர் வரவில்லை என்று அவனுடைய கூட்டாளி சொன்னான். ஆதினி ஓடி வந்து ஷர்மிளாவின் பட்டுப் புடவையைப் பிடித்து இழுத்து, "ஆன்ட்டி, எங்க அம்மாவைப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

யாரும் கேலி செய்யவில்லை. முகம் மாறவும் இல்லை, கண்ணாடியில் பார்த்தால் அவரவர் முகம் அவரவருக்கு முன்பு இருந்தபடியே இருந்தது. மற்றவர்கள் அதைப் பார்க்கத்தான் செய்தார்கள். பரிமாறுகிறவர்களின் முகத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள், அவ்வளவுதான். ஒருவரை ஒருவர் தெரியாமல் போனது அந்த நால்வருக்குள்ளும் நடந்தது. நாற்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்த சம்சாரத்தைப் பார்த்துக் குழந்தைசாமி, "ஏம்மா, எங்க வீட்டு அம்மாவைக் கொஞ்சம் கூப்பிடு" என்றார்.

மாராத்தாள் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தாள். அவளுக்கு எல்லோரையும் தெரிந்தது. டிரைவர் ரோட்டைப் பார்த்து ஓட்டியவர், தோட்டக்காரர் காலைப் பார்த்தே பேசியவர், சொந்தக்காரர்கள் நகையையும் வேஷத்தையும் பார்த்தவர்கள். முகத்தைப் பார்த்து, இன்றைக்குக் காபியில் சர்க்கரை குறைவோ, ராத்திரி தூங்கவில்லையோ, மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சு இருக்கிறதோ இல்லையோ என்று பத்தொன்பது வருஷம் படித்துக்கொண்டே இருந்தவள் அவள் ஒருத்திதான். காரருகே போய், "ஐயாதானுங்க அது" என்றாள். டிரைவருக்கு உடனே தெரிந்துவிட்டது. அவர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். இப்படி ஒவ்வொருவரையும் காட்டி, இது பெரியம்மா, இது தம்பி, கண்ணு இது உங்கம்மா என்று அவள் சொல்லச் சொல்ல எல்லோருக்கும் தெரிந்தது, ஆனால் அந்தச் சொல் தூங்குகிற வரைக்கும்தான் நின்றது. மறுநாள் காலையில் தனபாக்கியம் தன் கட்டிலில் யாரோ பரிமாறுகிற ஆள் படுத்திருப்பதைக் கண்டு அலறினாள்.

ஊர் இதை ஒரு வாரம் பேசியது, இரண்டாவது வாரம் பழகிக்கொண்டது. கோயம்புத்தூரிலிருந்து வந்த கண் டாக்டர் ஊர்க்காரர்கள் இருபது பேரின் கண்ணைச் சோதித்து, எல்லாருக்கும் நல்லாத்தான் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, போகும்போது குழந்தைசாமியிடம் தன் பெட்டியைக் காரில் வைக்கச் சொன்னார். பெயரைப் பெரிதாக எழுதிச் சட்டையில் குத்திக்கொண்டார்கள். அதைப் படித்தவர்கள், இவர்கள் வேலை பார்க்கிற கம்பெனியின் பெயர் அது என்று எடுத்துக்கொண்டார்கள். ஜோசியர் ஒருவர் சொன்னபடி நாற்பத்தெட்டு நாள் கோயில் அன்னதானத்தில் நின்று உண்மையாகவே பரிமாறினார்கள். குழந்தைசாமி ஒவ்வொரு நாளையும் சுவரில் கோடு கிழித்துக் கொண்டாடினார், நாற்பத்தெட்டாவது கோட்டுக்கு மறுநாளும் ஒன்றும் மாறவில்லை, கோயில் மேஸ்திரி மட்டும், "நாளைக்குக் கொஞ்சம் நேரமே வந்துருங்கப்பா" என்றார். கல்யாணங்களுக்கு அவர்கள் பட்டுடுத்திப் போனால் வாசலிலேயே யாராவது சாத வாளியைக் கையில் கொடுத்தார்கள், தாங்கள் யார் என்று விளக்கிக்கொண்டிருப்பதைவிடப் பரிமாறிவிட்டு வருவது சுலபம் என்று அவர்களும் பழகிக்கொண்டார்கள்.

"என்ன எளிமை பாருங்க அந்தக் குடும்பத்துக்கு" என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அந்த வருஷம் ஏற்றுமதியாளர்கள் கூடி குழந்தைசாமிக்கு ஒரு விருது கொடுத்தார்கள். மேடையில் சால்வையை ஒரு காலி நாற்காலிக்குப் போர்த்திக் கைதட்டினார்கள். குழந்தைசாமி அதே மேடையில் டீத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். தலைவர் தட்டிலிருந்து ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு, அவர் வராதது எல்லாருக்கும் வருத்தம் என்று மைக்கில் சொன்னார்.

ஆகவே மாராத்தாள் இல்லாமல் அந்தக் குடும்பம் வாசலைத் தாண்ட முடியாமல் போனது. காலை ஆறரைக்குச் சாப்பாட்டு மேஜையின் ஒரு முனையில் அவள் நிற்பாள். நான்கு பேரும் தலை குனிந்து வந்து நிற்பார்கள். இது ஐயாங்க, இது பெரியம்மாங்க, இது தம்பி, இது சின்னம்மா என்று அவள் சொல்லி முடித்த பிறகுதான் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து, காபியை வாயில் வைப்பார்கள். கடைசியாக ஆதினியை எழுப்பி, "கண்ணு, இதுதான் அம்மா" என்பாள், பிள்ளை தூக்கக் கலக்கத்தில் ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டு ஷர்மிளாவின் மடியில் சாயும், அந்தச் சாய்வுக்காக ஷர்மிளா ராத்திரி முழுக்கக் காத்திருந்தாள் என்பது அவள் மூச்சு விடுவதிலேயே தெரியும். பிறகு ஐயாவோடு ஆபீசுக்கு, தம்பியோடு குடோனுக்கு, பெரியம்மாவோடு கோயிலுக்கு, சின்னம்மாவோடு பள்ளிக்கூடத்துக்கு. பேங்கில் அவளுக்கென்று ஒரு நாற்காலி போட்டார்கள். மேனேஜர், வாட்ச்மேன், மாவட்ட அதிகாரி என்று யாராக இருந்தாலும் அவள் முகத்தைத்தான் முதலில் பார்த்தார்கள். மாராத்தாள் சொன்னால் சரி என்பது கரூரில் ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. சாயங்காலம் வீடு திரும்பினால் காலையில் போட்ட பாத்திரம் அப்படியே தொட்டியில் கிடக்கும், அதைத் தேய்த்துவிட்டு, அடுத்த வேளைக்கு அரிசி களைவாள். அவளை ஒத்தாசைக்கு வைத்துக்கொண்டோம் என்று தனபாக்கியம் சொந்தக்காரர்களிடம் சொன்னாள். சமையல் வேலையையாவது இன்னொருத்தியிடம் கொடுக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில், மேஜை முனையில் நிற்கப் போன நேரத்தில், மாப்பிள்ளை போன் செய்தான். சுகுணாவுக்கு வலி எடுத்துவிட்டது, பள்ளிபாளையத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, அத்தை என்று கூப்பிட்டு அவன் அழுதான்.

அன்றைக்கு ஆதினியின் ஏழாவது பிறந்தநாளுக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். 'குடும்பம்' என்பது தீம். விழாவில் ஒவ்வொருவராக மேடைக்கு வர, மாராத்தாள் மைக்கில் பெயர் சொல்வதாக ஏற்பாடு.

"நாளைக்குக் காலைல நானே கார்ல கொண்டுபோய் விடறேன்க்கா" என்றாள் ஷர்மிளா. "கேக் வெட்டற வரைக்கும் மட்டும் இருங்க. நீங்க போயிட்டா இந்தப் புள்ளைக்கு நான் யாரு?"

அதைச் சொல்லும்போது அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. மாராத்தாளுக்கு அவள்மேல் இரக்கம் வரத்தான் செய்தது, வந்த இரக்கத்தைச் சகிக்க முடியாமல்தான் கேட்டாள்.

"எம்மவளுக்கு நான் யாருங்க, சின்னம்மா?"

குழந்தைசாமி மேஜையைத் தட்டினார். "வாதாடறதுக்கு இதுவா நேரம்? மொதல்ல பேரைச் சொல்லு. அப்பறம் மத்ததைப் பேசிக்கலாம்."

மாராத்தாள் நான்கு முகங்களையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, பெயர் எதுவும் சொல்லாமல், பின்வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். பின்னால் மேஜையைச் சுற்றி நான்கு அந்நியர்கள் நின்றார்கள்.

மத்தியானம் இரண்டு மணிக்குப் பேத்தி பிறந்தாள். சுகுணா கண்ணைத் திறந்தபோது கட்டிலருகே அம்மா நிற்பதைப் பார்த்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"உன்ற மொதலாளியம்மா வுட்டாங்களா?"

"வுடல. வந்துட்டேன்."

"வளையல் போட வரல. இதுக்கு மட்டும் வந்துட்டியா?"

மாராத்தாள் வெந்நீரில் துணி நனைத்து மகளின் காலைத் துடைத்துவிட்டாள். சுகுணா ஒரு காலை இழுத்துக்கொண்டாள், இன்னொன்றை இழுக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் குழந்தையைத் தூக்கி அம்மாவின் கையில் வைத்து, "பிடி, கை வலிக்குது" என்றாள். மாராத்தாள் அந்தச் சிறு மூட்டையை மார்போடு வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்தது, மாலை போட்டு உட்கார வைத்த அந்தப் பந்தியைக் கணக்கில் சேர்க்காவிட்டால், அதுதான் முதல் தடவை.

மூன்றாம் நாள் முற்பகலில் அவர்கள் வந்தார்கள். நான்தான் மோகன், நான்தான் உன் மாமியார் என்று ஒருவருக்கொருவர் சொல்லி, நம்பியும் நம்பாமலும் ஒரே காரில் ஏறி, மூன்று நாளாக முன்பின் தெரியாத ஆட்களோடு இருக்கிறோம் என்று நினைத்துச் சாப்பிடாமல் அழுதுகொண்டிருந்த ஆதினியையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வரும்போதே தனபாக்கியத்தின் கையில் ஒரு ஆயா தரை துடைக்கிற வாளியைக் கொடுத்துவிட்டாள். பிள்ளையோ ஆஸ்பத்திரி நடையில் நின்று, "இவிங்க யாருன்னே எனக்குத் தெரியல, என்னைய எங்கியோ கூட்டிட்டுப் போறாங்க" என்று வீறிட்டது. பட்டுப் பாவாடையும் கழுத்தில் சங்கிலியுமாக ஒரு பிள்ளை, அதன் கையைப் பிடித்துக்கொண்டு பரிமாறுகிற ஆட்கள் போல நான்கு பேர். கூட்டம் கூடிவிட்டது. செக்யூரிட்டி மோகனகுமாரின் சட்டைக் காலரைப் பிடித்தார், யாரோ போலீசுக்குப் போன் போட்டார்கள்.

"மாராத்தா!" குழந்தைசாமியின் குரல் வார்டு வரைக்கும் வந்தது. "வெளிய வா! வந்து நாங்க யாருன்னு சொல்லு!"

அவள் கால் தானாக எழுந்தது. "அம்மா, நீ போவாத" என்றாள் சுகுணா கட்டிலிலிருந்து. மாராத்தாள் பேத்தியைக் கையில் வைத்தபடியே வாசல்வரை போனாள்.

"இவங்களை உங்களுக்குத் தெரியுமாம்மா?" என்று செக்யூரிட்டி கேட்டார்.

குழந்தைசாமி அவளை முறைத்தார். தனபாக்கியம் வாளியைக் கீழே வைக்காமல் நின்றாள். மோகனகுமார், "சீக்கிரம் சொல்லு, எத்தனை நேரம் நிக்கிறது" என்றான். ஷர்மிளா தன் கையை உதறித் திமிறுகிற பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு விரலை மட்டும் விடாமல் பிடித்திருந்தாள்.

மாராத்தாள் ஆதினியின் முன்னால் குத்த வைத்து உட்கார்ந்தாள்.

"கண்ணு, அழுவாத. இது உங்கம்மா. நான் நாளைக்கு வர மாட்டேன், அதுனால நீயே நல்லாப் பாத்து வெச்சுக்கோ. எடது புருவத்துல ஒரு வெட்டு இருக்குது பாரு, நீ நடக்கப் பழகறப்ப ஒன்னையப் புடிக்க ஓடி கதவுல இடிச்சுக்கிட்டது. பொய் சொன்னா மூக்கு செவக்கும். நீ தூங்கினதுக்கு அப்பறம் ஒன்ற நெத்தியத் தொட்டுப் பாத்துட்டுத்தான் படுப்பா. தெனமும் காலைல எந்திரிச்சதும் இதையெல்லாம் பாரு. பாத்தீன்னா தெரியும்."

பிள்ளை பார்த்தது. நிறைய நேரம் பார்த்தது. விரலால் அந்தப் புருவத் தழும்பைத் தொட்டது. பிறகு ஷர்மிளாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

"இந்தப் பொண்ணு புள்ளையோட அம்மாதானுங்க" என்று மாராத்தாள் எழுந்தாள்.

"மத்த மூணு பேரு?"

அவள் வாய் திறந்தது. பத்தொன்பது வருஷப் பழக்கத்தில் மூன்று பெயர்களும் நாக்கு நுனிக்கே வந்துவிட்டன. அந்நேரம் குழந்தைசாமி, "சொல்லுடி!" என்றார்.

"மத்தவிங்க" என்று மாராத்தாள் சொன்னாள், "பரிமாற வந்த ஆளுங்களா இருக்கோணும். எனக்குச் செரியாத் தெரியலீங்."

அவ்வளவுதான் சொன்னாள். தாய் கூட இருப்பதால் போலீஸ் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள், மூன்று பேரையும் வாசலுக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். உள்ளே திரும்பியவளை சுகுணா கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். ஆனால் மாராத்தாளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அவள் சொன்ன சொற்களெல்லாம் ஒரு தூக்கத்தோடு போய்விடும், இந்தச் சொல் மட்டும் போகவில்லை.

கரூர் இதையும் பழகிக்கொண்டது. குழந்தைசாமியை அந்தச் சமையல் காண்ட்ராக்டர் வேலைக்கு எடுத்துக்கொண்டார், சாதம் சிந்தாமல் போடுகிற நல்ல கை என்று அவருக்குப் பெயர். தனபாக்கியமும் மோகனகுமாரும் அதே வீட்டில்தான் இருந்தார்கள், கீழ்த்தளத்தில், ஷர்மிளா வைத்துக்கொண்ட வேலையாட்கள் என்று ஊர் நினைத்தது, சில நாள் ஷர்மிளாவே அப்படித்தான் நினைத்தாள். கம்பெனியை அவள் நடத்தினாள். பேங்க், கோர்ட்டு, குடோன் என்று அவள் போகிற இடத்துக்கெல்லாம் ஆதினி பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுக் கூடப் போனாள், இது எங்கம்மா, இது எங்கம்மா என்று சொல்லிச் சொல்லி அந்தக் குரல் ஏழு வயதிலேயே கட்டிப்போனது. மாராத்தாளை யாராவது போய்க் கூட்டிவரலாமே என்று ஊரில் சிலர் சொன்னார்கள். அவள் எப்படி இருப்பாள், எந்த நிறம், உயரமா குட்டையா என்று போகிறவர்கள் கேட்டபோது யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

மாராத்தாள் பள்ளிபாளையத்தில் மகள் வீட்டோடு தங்கிவிட்டாள். முதல் இரண்டு மாசம் சுகுணா அவளை அடுப்படிப் பக்கமே விடவில்லை, உட்கார்ந்து சாப்பிடும்மா, நான் போடறேன் என்றாள். மூன்றாம் மாசம் சுகுணா தறிக்கு வேலைக்குப் போனாள். மாப்பிள்ளைக்கு நேரத்துக்குச் சோறு வேண்டியிருந்தது, சம்பந்தியம்மாளுக்குச் சர்க்கரை வியாதி, தனியாகக் களி கிண்ட வேண்டியிருந்தது, பிள்ளைக்குத் துணி அலச வேண்டியிருந்தது. யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. செய்ய வேண்டாம் என்றும் பிறகு யாரும் சொல்லவில்லை. அத்தை இருக்கிறதால வீடு நடக்குது என்று மாப்பிள்ளை ஒரு தடவை தட்டிலிருந்து தலை தூக்காமல் சொன்னான்.

பேத்திக்கு எட்டு மாசம் ஆனபோது, ஒரு செவ்வாய்க்கிழமைச் சந்தையில் மாராத்தாள் இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு திரும்பிக்கொண்டிருந்தாள். எதிரே சுகுணா வந்தாள், தோளில் பிள்ளை, பக்கத்தில் கூட வேலை செய்கிற பெண்ணொருத்தி, ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு வந்தாள். மாராத்தாள் நின்றாள், பையைக் கீழே வைத்தாள், முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சுகுணாவின் பார்வை அவள்மேல் விழுந்தது, ஒரு பாத்திரக்கடையின் மேலும் பூக்காரியின் மேலும் விழுந்தது போலவே விழுந்தது, விழுந்து அப்பால் போனது. சிரிப்புக் குறையவில்லை, நடையும் குறையவில்லை. மாராத்தாள் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் மகளுக்குத் தெரிந்திருக்கும், அடடா என்று பையை வாங்கிக்கொண்டிருப்பாள். கரூரில் அத்தனை பேருக்கு அத்தனை காலம் சொன்ன வாய்க்கு, தன்னை இன்னார் என்று சொல்ல வரவில்லை.

அவள் திரும்பிப் பார்த்தபடி நின்றாள். தாயின் தோளில் கன்னத்தை வைத்துக்கொண்டு பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை மட்டும் அவளைக் கண்டுகொண்டது. இரண்டு பல் தெரியச் சிரித்தது, கையை நீட்டியது, தெரு முனை திரும்புகிற வரைக்கும் சிரித்துக்கொண்டே போனது.

எல்லோரையும் பார்த்து அது அப்படித்தான் சிரிக்கும்.